பழைய பைபர் கேரவன் டிரெய்லரைச் சீரமைத்தல்: எங்கிருந்து தொடங்குவது?

முக்கூடல்காரன்:

அனைவருக்கும் வணக்கம். சேரன்மகாதேவிக்கு அருகில், ஆற்றை ஒட்டிய என் தாய்மாமனின் தோப்பில் பைபர் உடல் கொண்ட பழைய கேரவன் டிரெய்லர் ஒன்று நெடுங்காலமாக நிற்கிறது. பணகுடிப் பக்கம் காற்றாலைகள் பெருகிவந்த தொண்ணூறுகளில், களப்பணிக்கு வந்த பொறியாளர்கள் தங்குவதற்காக உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் கட்டப்பட்டதாம். பணி முடிந்தபின் ஏலத்தில் மாமா கைக்கு வந்து, உர மூட்டை வைக்கும் அறையாகி, இப்போது அதுவும் இல்லாமல் கிடக்கிறது.

நீளம் 13 அடி, அகலம் ஆறரை அடி. மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டு வார்ப்புகளாகச் செய்து இடுப்புயரத்தில் இணைத்திருக்கிறார்கள். ஒரே ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தோப்புக்குள் வந்த நீர் வண்டியின் தரைக்கு மேலும் நின்றதால் பிளைவுட் உப்பி, கதவோரத்தில் கால் வைத்தால் உள்வாங்குகிறது. கூரையில் காற்றுத் திறப்பைச் சுற்றிச் சிறு விரிசல்கள் நட்சத்திரமாகப் பரவியிருக்கின்றன. முன்மூலையில் தென்னை மட்டை விழுந்து ஒரு கையகலத்திற்கு உடைந்திருக்கிறது. வெளிப்பரப்பைத் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. சேஸிஸில் துரு உண்டு. எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை.

தோப்பில் தங்குவதற்கும், சீசன் நேரத்தில் குற்றாலம் வரை இழுத்துச் செல்வதற்கும் இதைச் சரிசெய்ய விரும்புகிறேன். பெயின்டர் ஒருவர் பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்துத் தந்துவிடலாம் என்கிறார். அவரை நம்பித் தொடங்கலாமா?

உவரிக்கரை:

தம்பி, பெயின்டரைக் கொஞ்ச காலம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். நான் பைபர் வள்ளங்கள் கட்டுவதிலும் பழுது பார்ப்பதிலும் இருப்பவன். கேரவன் கட்டியதில்லை என்றாலும் பொருள் ஒன்றுதான்: கண்ணாடியிழையாலான மேட் என்ற விரிப்பைப் பாலியஸ்டர் ரெசினில் நனைத்து அடுக்கடுக்காகப் படியவைத்த உடல், அதன் வெளிப்பக்கத்தில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனத்தில் ஜெல்கோட் என்ற நிறப்பூச்சு. கையில் ஒட்டும் வெள்ளைப் பொடி, வெயிலால் அந்த ஜெல்கோட்டின் மேல்தோல் சிதைந்ததால் வருவது. பார்வைக்குத்தான் மோசமே தவிர, உடலின் வலுவை அதைக் கொண்டு எடைபோட முடியாது.

பைபர் மக்குவதில்லை, துருப்பிடிப்பதில்லை. ஆனால் அதனோடு ஒட்டி வைத்த மரமும் இரும்பும், அதைத் துளைத்த ஆணியும் ரிவெட்டும் கெடும்; அவை கெட்டபின் உடலையும் கெடுக்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரையெங்கும் பைபர் வள்ளங்கள் பெருகின. அவற்றில் என்னிடம் பழுதுக்கு வந்தவற்றைப் பார்த்தால், பாறையில் மோதி உடைந்தவற்றைக் காட்டிலும், உள்ளே பதித்த மரக்கட்டை எங்கோ ஒரு திருகாணித் துளை வழியாக நீர் குடித்து ஊறிப்போனவைதான் அதிகத் தொல்லை தந்தன. ஆகவே உங்கள் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது நீர் எங்கே நுழைகிறது, எங்கே தங்குகிறது என்பதை.

ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு உடல் முழுவதையும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று இருக்கும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் மந்தமாகக் கேட்கும். மந்தமான இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். இரவில் வண்டிக்குள் வலுவான விளக்கை ஏற்றிவிட்டு வெளியே நின்று பார்த்தால், எந்த விரிசல் ஜெல்கோட்டோடு நிற்கிறது, எது உள்வரை இறங்கியிருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கூரையின் நட்சத்திர விரிசல் ஜெல்கோட்டில் மட்டும் இருக்கலாம். ஆனாலும் அது ஏன் அங்கே வந்தது என்று பாருங்கள். காற்றுத் திறப்பின் திருகுகளை இறுக்கி முறுக்கியதாலோ, அந்த இடத்தில் கூரை மெலிந்து ஆள் ஏறும்போதெல்லாம் வளைந்ததாலோ வந்திருக்கும். உள்பக்கத்தில் இரண்டு அடுக்கு மேட் வைத்து அந்த இடத்தைக் கனப்படுத்தாமல் பட்டியை மட்டும் திணித்தால், அடுத்த கோடைக்குள் அதே விரிசல் அதே இடத்தில் முளைக்கும்.

இன்னொன்று மிக முக்கியம். கெட்ட தரையை ஒரே நாளில் முழுவதும் பெயர்த்து எடுத்துவிடாதீர்கள். இந்த மாதிரி வண்டியில் தரைப் பலகை, அலமாரிகள், இருக்கைப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்துதான் மெல்லிய உடலை அதன் வடிவத்தில் நிறுத்துகின்றன. அலமாரியைக் கழற்றினால் கூரை இறங்கும். தரையை எடுத்தால் பக்கங்கள் விரியும். அந்த நிலையில் புதுத் தரையைப் பதித்துவிட்டால், கதவு அதன் சட்டத்திற்குள் மீண்டும் அமராது. கதவுத் துளையின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து சுவரிலேயே எழுதிவையுங்கள். உள்ளே சவுக்குக் கழிகளால் குறுக்கும் நெடுக்கும் முட்டுக் கொடுத்தபின், தரையைப் பாதி பாதியாக எடுங்கள்.

ஆடிக்காற்று:

உவரி அண்ணாச்சி சொன்னதில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை. நான் வள்ளியூர், காற்றாலை இறக்கைகளைப் பழுது பார்க்கும் வேலை. அந்த முன்மூலை உடைவைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

உடைந்த விளிம்பை அப்படியே வைத்து மேலே ஒட்டுப் போட்டால் அது நிற்காது. உடைவைச் சுற்றிக் கிரைண்டரால் சரிவாகத் தேய்க்க வேண்டும். உடலின் கனம் 4 மில்லிமீட்டர் என்றால், சரிவின் நீளம் அதைப் போல் 12 மடங்கு, அதாவது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் இருப்பது நல்லது. புது அடுக்குகள் பழைய அடுக்குகளோடு அகலமாகப் படிந்தால்தான் பாரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு படிந்தபின் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும். அதிகம் ஊற்றினால் வலு கூடும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு; ரெசின் மிகுந்த இடம் நொறுங்கும் என்பதே உண்மை. உருளையால் அழுத்தி உள்ளே சிக்கிய காற்றையும் மிகுந்த ரெசினையும் வெளியேற்றுங்கள்.

நம் ஊர் வெயிலில், ரெசினை இறுகவைக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட்டின் அளவில் கவனம் வேண்டும். ரெசின் எடையில் 1 முதல் 2 விழுக்காடு என்பது பொதுக் கணக்கு. சித்திரை வைகாசியில் 2 விழுக்காடு விட்டால், மேட்டை நனைத்து முடிக்குமுன் குவளைக்குள்ளேயே ரெசின் கட்டியாகிவிடும். அதற்காக 1 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் உள்ளே முழுமையாக இறுகாமல் போகலாம். ஆகவே அளவை 1-இல் நிறுத்திக்கொண்டு, விடியற்காலையில் நிழலில், சிறிது சிறிதாகக் கலந்து வேலை செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் கரைசலையும் கேட்டலிஸ்ட்டையும் எக்காரணம் கொண்டும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது, வெடிக்கும். கோபால்ட் முதலில் ரெசினில் முழுதாகக் கலந்திருக்க வேண்டும். அதன் பிறகே கேட்டலிஸ்ட். முடிந்தால் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினாகவே கேட்டு வாங்குங்கள். குவளையில் மிச்சமான ரெசின் இறுகும்போது புகை வரும் அளவுக்குச் சூடேறும். அதைக் காய்ந்த தென்னஞ்சருகின் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தேய்க்கும்போது தூசி முகமூடி, ரெசின் வேலைக்குக் கரிம ஆவியைத் தடுக்கும் முகமூடி என்று இரண்டும் வேண்டும். முன்னது பின்னதற்கு மாற்றாகாது.

மற்றபடி, நான் செய்வதாக இருந்தால் பாலியஸ்டரைத் தொடவே மாட்டேன், முழுவதும் எபாக்ஸி என்ற வேறு வகை ரெசின்தான். பழைய பாலியஸ்டர் மேல் எபாக்ஸி பிடிக்கும் பிடி வேறு.

உவரிக்கரை:

எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதன் விலை என்ன என்று தம்பிக்குச் சொல்ல வேண்டாமா? மேலும், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மேட்டின் இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்றே அமைந்தது. எபாக்ஸியில் அது கரையாது. மேட் விறைத்துக்கொண்டு வளைவுகளில் படியாமல் நிற்கும். எபாக்ஸி என்றால் நெய்த துணிக்குப் போக வேண்டும். கடலில் அடிபடும் வள்ளத்துக்கே பாலியஸ்டர் போதுமானதாக இருக்கும்போது, தோப்பில் நிற்கும் வண்டிக்கு இறக்கைக்குரிய வைத்தியம் எதற்கு?

ஆடிக்காற்று:

மேட் பற்றிச் சொன்னது சரி, அண்ணாச்சி. உடைவுக்குப் பாலியஸ்டரே இருக்கட்டும். ஆனால் தரைப் பலகைக்கு நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மரத்தின் மேல் பாலியஸ்டரின் பிடி நம்பகமானதல்ல. மரம் ஈரத்தில் விரிந்து சுருங்கும்போது உரிந்து வந்துவிடும். பலகையின் இரு முகங்களும், முக்கியமாக வெட்டிய விளிம்புகளும், எபாக்ஸி குடிக்க வேண்டும்.

உவரிக்கரை:

அதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் முறையையும் சொல்லிவிடுவோம். பாலியஸ்டர் வேலைகள் அனைத்தும் முதலில் முடிய வேண்டும், எபாக்ஸி பிறகு. இறுகிய எபாக்ஸியின் மேல் பாலியஸ்டரும் ஜெல்கோட்டும் சரியாக ஒட்டாது. பலகையை உடலோடு பிணைக்கும் பட்டைகளையும் எபாக்ஸியும் நெய்த துணியும் கொண்டே போடுங்கள்.

அம்பைத் தச்சன்:

தரைக்கு என்ன பலகை என்று யாரும் சொல்லவில்லை. கடைக்காரர் 'வாட்டர் புரூப்' என்று சொல்வதை வாங்காதீர்கள், ஐ.எஸ். 710 என்ற முத்திரை பலகையின் மேலேயே அச்சிட்டிருக்கும் மரைன் பிளைவுட்டைப் பார்த்து வாங்குங்கள். 12 மில்லிமீட்டர் போதும். சேஸிஸின் குறுக்குச் சட்டங்களுக்கு இடையே இடைவெளி அதிகமென்றால் 18 போடலாம், ஆனால் எடை ஏறும்.

சிலர் தேக்குப் பலகையை இழைத்துப் போடச் சொல்வார்கள். எனக்குத் தேக்கின் மீது மிகுந்த மதிப்பு உண்டு. இந்த வேலைக்கு மட்டும் வேண்டாம் என்பேன். தனித்தனிப் பலகைகள் உடலின் பக்கங்களை ஒரே தளமாகப் பிடித்து நிறுத்தா. முழுத் தாளாக வரும் பிளைவுட்தான் வண்டி முறுக்கிக்கொள்ளாமல் காக்கும். தேக்கை அலமாரிக் கதவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

துளைகள் எல்லாவற்றையும் எபாக்ஸி பூசுவதற்கு முன்பே, தேவைக்குச் சற்றுப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் மீண்டும் துளையிடுங்கள். அப்போது போல்ட் மரத்தைத் தொடாது.

குளிர்தேசத்து நெல்லையான்:

சொந்த ஊர் கடையநல்லூர். இப்போது கனடாவில் இருக்கிறேன். நீங்கள் விவரிக்கும் அமைப்பு, மேலும் கீழுமாக இரண்டு வார்ப்புகள், 13 அடி, இங்கே வின்னிபெக் நகரில் 1968-இல் தொடங்கிய போலர் என்ற வண்டியின் அமைப்பேதான். அதே வழியில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஸ்கேம்ப் வந்தது. இங்கே ஐம்பது ஆண்டு பழைய போலர் வண்டிகளை வாங்கிச் சீரமைத்து ஓட்டுபவர்கள் ஏராளம். அவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடுவது ரிவெட். உள் அலமாரிகளை உடலின் வழியாகத் துளைத்து ரிவெட் அடித்திருப்பதால், ஒவ்வொரு ரிவெட்டும் காலப்போக்கில் நீர் இறங்கும் வழியாகிவிடுகிறது. உங்கள் வண்டியிலும் வெளியே வரிசையாகப் பொட்டுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அலமாரிகளைத் திருப்பி மாட்டும்போது துளைகளை மூடிவிட்டு, உள்பக்கத்தில் மரத் துண்டுகளை எபாக்ஸியால் ஒட்டி, அவற்றில் திருகிக்கொள்ளலாம்.

உங்களுக்குப் பட்டை ஸ்பிரிங் அமைந்தது நற்பேறு. இங்குள்ளவற்றில் ரப்பரை உள்ளே அடைத்த ஆக்ஸில். ரப்பர் மூப்படைந்தால் ஆக்ஸிலையே மாற்ற வேண்டும்.

முக்கூடல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. தட்டிப் பார்த்ததில் கூரையின் காற்றுத் திறப்பைச் சுற்றி ஒரு முழ அகலத்திற்கு மந்தமாகக் கேட்கிறது. பக்கங்கள் இரண்டும் கணீரென்று இருக்கின்றன. வெளியே ரிவெட்டுகளும் உண்டு. சன்னல்களைச் சுற்றி யாரோ சிலிக்கானை வாரிப் பூசியிருக்கிறார்கள். இனி மூன்று ஐயங்கள். கூரைக்குள் ஈரம் இருக்கிறதா என்று எப்படி அறிவது? சன்னலுக்கு எதை இடுவது? நம் ஊர் வெயிலில் இதற்குள் மனிதர் இருக்க முடியுமா? பங்குனியிலேயே உள்ளே நிற்க முடியவில்லை.

ஆடிக்காற்று:

ஈரத்திற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஜெல்கோட்டைத் தேய்த்து எடுத்த இடத்தில் தெளிந்த பாலித்தீன் துண்டு ஒன்றை விரித்து நான்கு ஓரமும் டேப்பால் அடைத்து வெயிலில் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். காயும்வரை ரெசின் வைக்காதீர்கள். இந்த வகையில் நமக்கு வாய்ப்பு நல்லது. தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும்போதும் சேரன்மகாதேவியில் பெரும்பாலும் வறண்ட காற்றுதான் வீசும். ஆனால் அந்தக் காற்று புழுதியையும் கொண்டுவரும். ஜெல்கோட், பெயின்ட் வேலைகளை ஆனி பிறக்குமுன் முடித்துவிடுங்கள், அல்லது நாற்புறமும் அடைத்த கொட்டகையில் செய்யுங்கள். ஐப்பசி கார்த்திகையில் ரெசினைத் தொடாமல் இருப்பதே நலம்.

சன்னலிலிருந்து சிலிக்கானைத் துளிகூட மிச்சமில்லாமல் சுரண்டி எடுக்க வேண்டும். அது பட்ட இடத்தில் பெயின்ட்டும் நிற்காது, வேறு பசையும் நிற்காது. சட்டத்தை மாட்டும்போது அடியில் பியூட்டைல் டேப் வைத்து, வெளி விளிம்பில் பாலியூரித்தேன் சீலன்ட் இடுங்கள். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்புத் திருகு வேண்டாம், ஸ்டெயின்லெஸ் போதும். சன்னல் அக்ரிலிக் என்றால் அசிட்டோன் தோய்ந்த துணியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். மயிரிழை விரிசல்கள் விழுந்து மங்கிவிடும்.

உவரிக்கரை:

வெயிலைப் பற்றி நான் சொல்கிறேன். வெளியே வெள்ளை நிறத்தைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். அடர் நீலம் அழகாக இருக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் காது கொடுக்காதீர்கள். உள்ளே வெப்பத் தடுப்புக்குத் தெர்மாகோல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் பாலியஸ்டர் ரெசினால் ஒட்டப் பார்த்தால், ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கண்முன்னே கரைத்துவிடும். மூடிய அறைகள் கொண்ட நைட்ரைல் ரப்பர் தாள் வாங்குங்கள். நீர் குடிக்காது, வளைவுக்கும் படியும். கூரைத் திறப்பில் 12 வோல்ட் மின்விசிறி ஒன்று வெளிப்பக்கம் ஊதும்படி இருந்து, எதிர்ப்புறம் தாழ்வாக ஒரு சன்னல் திறந்திருந்தால் மாலைக்குமேல் தங்க முடியும்.

இத்தனைக்கும் மேலாக, வண்டி நிற்கும் இடத்தில் பனையோலைப் பந்தல் ஒன்று போடுங்கள். வெப்பமும் குறையும், ஜெல்கோட்டின் ஆயுளும் கூடும். நீலத் தார்ப்பாயை இறுக்கிப் போர்த்திவிட்டுப் போகும் வழக்கம் மட்டும் வேண்டாம். உள்ளே ஈரம் அடைந்து கிடக்கும். தென்னைக்கு அடியில் நிறுத்தாதீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, மட்டையே சொல்லிவிட்டது.

பேட்டைப் பட்டறை:

மேலே இருப்பதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள். கீழே இருப்பதைப் பற்றி நான் பேசுகிறேன். சேஸிஸைத் துரு நீக்கும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுத்தியலால் தட்டுங்கள்; சில்லுச் சில்லாக உதிர்ந்தால் அந்தச் சட்டத்தை வெட்டி எடுத்துப் புதுச் சானல் வைத்து வெல்டு செய்ய வேண்டும். இழுகொக்கி சேஸிஸோடு சேரும் இடத்தையும், ஸ்பிரிங் தாங்கிகளையும் கூர்ந்து பாருங்கள்; துரு அங்கே இருந்தால் பூசி மறைக்கும் பேச்சே கூடாது. உடல் மேலே இருக்கும்போது பக்கத்தில் வெல்டிங் செய்யக் கூடாது; பைபர் பற்றி எரியும். ஹப் பேரிங்குகள் வெள்ளத்தில் முங்கியவை என்பதால் கிரீஸை மட்டும் மாற்றாமல் பேரிங்கையே மாற்றுங்கள். டயரில் பூ தெரிந்தாலும் பழையது பழையதுதான்.

பாரம் வைக்கும் முறையும் முக்கியம். வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் அமர வேண்டும். மொத்தம் 700 கிலோ என்றால் கொக்கியில் 70-லிருந்து 105 கிலோ. தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் பின்பக்கம் வைத்துக் கொக்கியின் பாரத்தைக் குறைத்துவிட்டால், வேகமெடுக்கும்போது வண்டி இரு பக்கமும் ஆடத் தொடங்கும். அதிலும் ஆனி ஆடியில் காவல்கிணறு, பணகுடி வழியாக நான்கு வழிச்சாலையில் போனால், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இலகுவான உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். எடைமேடையில் ஏற்றி அளந்துகொள்ளாமல் சாலைக்கு வராதீர்கள்.

பதிவு குறித்தும் யோசியுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறையில் டிரெய்லரும் மோட்டார் வாகனமே. ஆகவே பதிவு இல்லாமல் பொதுச் சாலையில் இழுக்க முடியாது. அமைப்பில் மாற்றம் செய்தால் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். மாமாவிடம் பழைய பதிவுச் சான்று இருக்கிறதா?

முக்கூடல்காரன்:

சான்று இருக்கிறது, அண்ணாச்சி. ஆனால் பெயர் மாற்றப்படவில்லை. சேஸிஸ் எண் இழுகொக்கிக்கு அருகில் அடிக்கப்பட்டிருக்கிறது. துருவில் பாதி மறைந்திருந்தாலும் படிக்க முடிகிறது.

பேட்டைப் பட்டறை:

அப்படியானால் அந்த எண் உள்ள துண்டைத் தொடவே கூடாது. அங்கே சட்டம் கெட்டிருந்தாலும், வெட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் பார்த்துச் சொன்னபிறகே கை வையுங்கள். எண் போய்விட்டால் மீதி வேலை எல்லாம் வீண். பெயர் மாற்றத்தை இப்போதே தொடங்கிவிடுங்கள். ரெசின் காயும் நேரத்தைவிடக் கூடுதலாக அது எடுக்கும்.

அம்பைத் தச்சன்:

ஒன்று விட்டுப்போயிற்று. உள்ளே சமையலுக்குச் சிலிண்டர் வைப்பதாக இருந்தால், அந்தப் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை ஒன்று கட்டாயம் வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். இவ்வளவு இறுக்கமாக அடைத்த வண்டியில் அது போக வேறு வழி இருக்காது. என்னைக் கேட்டால் அடுப்பை வெளியே பந்தலில் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கூடல்காரன்:

அடுப்பு வெளியேதான், மாமாவும் அதையே சொன்னார். முதலில் பெயர் மாற்ற விண்ணப்பம். கூடவே முட்டுக் கொடுத்து, அளவுகளை எழுதி, கூரையைத் தேய்த்துக் காயவிடுகிறேன். கூரையும் முன்மூலையும் பாலியஸ்டரில் முடிந்தபின் தரை. உடலைச் சேஸிஸிலிருந்து தூக்கித் தனியே வைத்தால்தான் பேட்டைக்குச் சேஸிஸ் வர முடியும் என்று தெரிகிறது. தூக்குவது எப்படி என்பது மட்டும் பிடிபடவில்லை.

உவரிக்கரை:

வள்ளத்தைத் தூக்குவது போலத்தான். இடுப்பு விளிம்பில் கயிறு கட்டித் தூக்காதீர்கள், இணைப்பு பிளந்துவிடும். நான்கு விரல் அகலமுள்ள பெல்ட் இரண்டை அடிவயிற்றின் கீழ், சக்கர வளைவுக்கு முன்னும் பின்னுமாகக் கொடுத்து, மேலே குறுக்குக் கம்பால் பெல்ட்டுகளை அகட்டி, செயின் பிளாக்கில் மெல்ல ஏற்றுங்கள். பழைய தரையில் பாதி இன்னும் இருக்கும்போதே தூக்கிவிடுங்கள். அதுவும் ஒரு முட்டுத்தான். இறக்கி வைக்கும் இடத்தில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருங்கள். பெல்ட் என்னிடம் இரண்டு இருக்கிறது; உவரிப் பக்கம் வரும்போது எடுத்துச் செல்லலாம்.